பெட்டியின் பூட்டும் பிறர் நற்பெயரும்

கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் திறக்கும் நாள்களில், பிள்ளைகளை முதன்முறையாக விடுதியில் சேர்க்கச் செல்லும் பெற்றோர் நுழைவாயிலருகே ஓர் அறிவிப்பைக் காண்பர். மாணவர்தம் உடைமைகள் தொலைந்துபோனால் நிர்வாகம் பொறுப்பேற்காது என்பது அதன் சாரம். இரு சக்கர வண்டிகள் நிறுத்துமிடத்திலும், நூலக வாயிலில் பைகளை வைத்துச் செல்லும் அடுக்குகளின் மேலும் அதே வாசகம் எழுதப்பட்டிருக்கும். சட்ட நோக்கில் அதில் பிழை ஏதும் இல்லாதிருக்கலாம். ஆயினும், தொடக்கநூலைப் படித்துப் பழகிய செவிக்கு அது எங்கோ கேட்ட குரலாக ஒலிக்கிறது. தம்பி எங்கே என்று இறைவன் வினவியபோது காயின் தந்த மறுமொழியும் ஏறத்தாழ இத்தகையதே அன்றோ?

பல்கலைக்கழக வளாகம் என்பது ஒரு சிறு நகரம். ஆயிரக்கணக்கான இளைஞர், ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர், ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்குகின்றனர். கதவுகள் திறந்தே கிடக்கின்றன. விலையுயர்ந்த கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் கட்டில்மேல் கிடக்கின்றன. வந்துபோவோர் பலர். இத்தகைய இடத்தில் திருட்டையும் மோசடியையும் தடுப்பது எங்ஙனம் என்ற கேள்வி, காவலாளிகளுக்கும் கேமராக்களுக்கும் மட்டும் உரிய கேள்வியன்று. அது அறநெறிக் கேள்வியும் ஆகும்.

இதைப் பற்றி நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியப் பெருமக்களிடம் உரையாடும்போது இரு கருத்துகள் எழக் காண்கிறோம். பூட்டும் சோதனையும் ஐயத்தின் பிள்ளைகள், இளைஞரை நம்பி வளர்த்தால் அவர்கள் நம்பிக்கைக்கு உரியவர்களாவர், பூட்டு மனச்சான்றை மழுங்கச் செய்யும் என்பர் ஒரு சாரார். மனிதர் இயல்பிலேயே பலவீனர், ஆகவே ஒவ்வொரு மூலையிலும் ஒரு கேமரா வேண்டும் என்பர் மற்றொரு சாரார். முன்னவர் கருத்து கேட்பதற்கு இனிது. அதில் உண்மையும் உண்டு. ஆயினும், நம் திருச்சபையின் அறநெறி மரபு அக்கருத்தோடு முற்றிலும் உடன்படுவதாகத் தெரியவில்லை.

பாவத்தை மட்டுமன்று, பாவத்திற்கு ஏதுவான சமயங்களையும் விலக்க வேண்டும் என்று சிறுவயதிலேயே மறைக்கல்வியில் கற்றோம். அந்தப் பாடத்தைத் தனிமனிதருக்கு உரியதாக மட்டும் வைத்துக்கொண்டோம். ஆண்டவர் கற்பித்த செபத்திலோ, சோதனையிலிருந்து விடுவிக்கும்படி நாம் பன்மையில் அல்லவா மன்றாடுகிறோம்? பதினெட்டு வயது இளைஞன் ஒருவன். வீட்டிலிருந்து இம்மாதம் பணம் வரவில்லை. ஆளில்லாத அறையில், திறந்த கதவின் வழியே, மேசைமேல் ஒரு பணப்பை தெரிகிறது. அந்த ஒரு நிமிடத்தில் அவனுக்குத் துணை நிற்பது எது? அவன் பெற்ற வளர்ப்பு துணை நிற்கும். அதோடு, கதவில் ஒரு பூட்டும் இருந்திருந்தால் அதுவும் துணை நின்றிருக்கும். அப்பூட்டு உடைமையாளனின் பணத்தைக் காப்பதோடு, அவ்விளைஞனின் ஆன்மாவையும் காக்கிறது. இந்நோக்கில் பார்த்தால், பூட்டுப் போடுவது ஐயத்தின் செயலன்று, பிறரன்பின் செயல்.

நம் ஆலயங்களையே பாருங்கள். நற்கருணைப் பேழை பூட்டப்பட்டிருக்க வேண்டும், அதன் திறவுகோல் மிகுந்த கவனத்தோடு காக்கப்பட வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 938-ஆம் விதி கட்டளையிடுகிறது. இறைமக்களைத் திருடர் என்று கருதியா திருச்சபை அவ்வாறு விதித்தது? விலைமதிப்பற்றதைக் காப்பது அதன்பால் நாம் கொண்ட மதிப்பின் அடையாளம் என்பதாலேயே அவ்விதி. காணிக்கையாகப் பெற்ற பணத்திற்கு இறைமக்கள் முன் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287-ஆம் விதி கூறுவதையும் இங்கு நினைவுகூரலாம். அவ்விதி குருக்களாகிய நமக்கு உரியது!

ஒரு தடை எழலாம். யூதாசு பணப்பையிலிருந்து திருடி வந்தான் என்று யோவான் நற்செய்தி கூறுகிறதே, ஆண்டவர் இயேசு அப்பையை அவனிடமிருந்து பறிக்கவில்லையே என்று கேட்போர் உண்டு. ஆழ்ந்த கேள்விதான். இதயங்களை அறிந்தவர் ஒருவருக்குச் செய்ததை, இதயங்களை அறியாத நாம் நிறுவனங்களுக்கு விதியாக்கிவிட இயலாது என்பதே நம் எண்ணம். அந்த ஆண்டவரின் திருத்தூதர் பவுல் என்ன செய்தார்? எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய நன்கொடையை அவர் தனியொருவராகச் சுமந்து செல்ல ஒருப்படவில்லை. திருச்சபைகளே தேர்ந்தளித்த ஒருவரை உடன் அழைத்துச் சென்றார். இத்துணைப் பெருந்தொகையைக் கையாள்வதில் எவரும் தம்மேல் குறைகூற இடமிருத்தலாகாது என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8). பவுலடியாரின் நேர்மையை ஐயுற யாருண்டு? இருந்தும் தாமே தமக்கு ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டார்.

பல்கலைக்கழகங்களின் வரலாற்றிலும் இதே ஞானத்தைக் காண்கிறோம். 1240-ஆம் ஆண்டில் லிங்கன் மறைமாவட்ட ஆயர் இராபர்ட் குரோசுடெஸ்ட், ஆக்சுபோர்டில் ஏழை மாணவர்க்குக் கடன் வழங்கவென ஒரு பணப்பெட்டியை நிறுவ விதிகள் வகுத்தார். மாணவர் தம் நூல்களையோ வேறு பொருளையோ அடகாக வைத்து வட்டியின்றிக் கடன் பெறலாம். நூல்கள் கையால் எழுதப்பட்ட அக்காலத்தில் ஒரு நூல் பெருஞ்செல்வம். பின்னர் அத்தகைய பெட்டிகள் பல தோன்றின. காப்பாளர்கள் அமர்த்தப்பட்டனர், கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டன. பல்கலைக்கழகத்தின் பொதுப் பெட்டிகளுள் ஒன்றுக்கு ஐந்து திறவுகோல்கள் என்றே பெயர் வழங்கிற்று. ஒரு பெட்டிக்கு ஒரே பூட்டும் ஒரே ஆளும் இருந்தால், அந்த ஆள் நல்லவராக இருத்தலே ஒரே காவல். பல பூட்டுகள் பலரிடம் இருந்தால், நல்லவர் நல்லவராகவே நீடிக்க உதவி கிட்டுகிறது.

இதிலிருந்து பெறத்தக்க முதற்பாடம், பூட்டு எளியவர் பக்கம் மட்டும் இருத்தலாகாது என்பது. நம் வளாகங்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு மாறானது. மாலையில் துப்புரவுப் பணியாளரின் பையை வாயிற்காவலர் திறந்து பார்க்கிறார். அலுவலர்களின் வாகனம் வணக்கத்தோடு வெளியேறுகிறது. மாணவரின் விடைத்தாளுக்குத் தேர்வறையில் மூன்று கண்கள் காவல். அவ்விடைத்தாள் அறையை விட்டு அகன்றபின் அதற்குக் காவல் எத்தனை கண்கள்? 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில், அண்ணா பல்கலைக்கழகத்தின் விடைத்தாள் மறுமதிப்பீட்டில் கையூட்டுப் பெற்று மதிப்பெண்கள் கூட்டப்பட்டதாக இலஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்த செய்தியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குற்றம் சாற்றப்பட்டோர் குற்றவாளிகளா என்பதைக் கூறவேண்டியது நீதிமன்றம், நாமல்ல. ஆனால், இத்தகைய குற்றம் நிகழக்கூடிய இடம் விடுதியின் துணிக்கொடியன்று, பூட்டிய அலுவலக அறைகள் என்பதை அச்செய்தி நாட்டுக்கு உணர்த்திற்று. விலைக்கு வாங்கிய மதிப்பெண்ணால், உழைத்துப் படித்த ஒருவரின் இடம் பறிபோகிறது. தூய தோமா அக்குவினார் திருட்டை வரையறுக்கும்போது, பிறர் பொருளை மறைவாகக் கவர்தல் என்பார். இதுவும் அவ்வரையறைக்குள் அடங்குவதே.

மோசடி வேறொரு வடிவிலும் இன்று விடுதி அறைகளுக்குள் நுழைந்துள்ளது. பெற்றோர் பலர் இதை அறியார். ஆகவே சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். மாணவர் ஒருவரை நண்பர் ஒருவர், அல்லது நண்பரின் நண்பர், அணுகுகிறார். உன் வங்கிக் கணக்கைச் சில நாள்களுக்குக் கொடு, ஏ.டி.எம். அட்டையையும் அக்கணக்கோடு இணைந்த சிம் அட்டையையும் தா, சில ஆயிரம் ரூபாய் உனக்கு என்கிறார். மாணவர் எவரிடமிருந்தும் எதையும் திருடவில்லை. எவரையும் ஏமாற்றவில்லை. பயன்படாமல் கிடந்த ஒரு கணக்கைக் கொடுத்தார், அவ்வளவே என்று எண்ணுகிறார். அக்கணக்கின் வழியே வந்து செல்லும் பணமோ, எங்கோ ஓர் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் போலிக் காவல் அதிகாரியின் மிரட்டலுக்கு அஞ்சி அனுப்பிய வாழ்நாள் சேமிப்பாக இருக்கலாம். பொதி சுமக்கும் கோவேறு கழுதையின் பெயரால் ஆங்கிலத்தில் இதை 'மியூல்' கணக்கு என்கின்றனர். பொதியில் இருப்பது என்னவென்று கழுதை அறியாது. மாணவர் அறியாதிருக்க முயல்கிறார். வேறுபாடு அங்கேதான்.

முதலில் காவல்துறை வந்து நிற்பதும் இம்மாணவரின் வீட்டு வாசலில்தான். பணம் போன தடத்தில் உண்மையான பெயரும் உண்மையான முகவரியும் உள்ளவர் அவர் ஒருவரே. கணக்கு முடக்கப்படுகிறது. வழக்கில் பெயர் சேர்கிறது. வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு வரை அது தொடரக்கூடும். நாம் குருமடத்தில் அறநெறி இறையியல் கற்ற நாள்களில், பிறர் பாவத்திற்கு உடந்தையாதல் என்ற பகுதியை வறட்டுப் பாடம் என்றே மாணவர் பலர் கருதியதுண்டு. கட்டளையிடுதல், அறிவுரை தருதல், உடன்படுதல், தடுக்க வேண்டியபோது வாளாவிருத்தல் என்று நீளும் பட்டியல் அது. இன்று அப்பாடத்திற்கு விடுதி அறைகளில் உயிருள்ள எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன. புனித அகுஸ்தினார் தம் இளமையில் பேரிக்காய்களைத் திருடிய நிகழ்ச்சியை எழுதுமிடத்தில், பசியினால் திருடவில்லை, தனியாக இருந்திருந்தால் செய்திருக்கவும் மாட்டேன் என்ற பொருள்பட வருந்துவார். நண்பர் குழுவின் மயக்கம் பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை.

இனி, நம் உள்ளத்தை மிகுதியும் வருத்தும் செய்திக்கு வருகிறோம்.

நமக்குத் தெரிந்த மீனவக் குடும்பத்து மாணவி ஒருவர், உதவித்தொகையில் ஒரு கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கினார். ஒருநாள் அறைத்தோழியின் கைப்பேசியைக் காணவில்லை. அறையில் நால்வர் இருந்தும், விடுதிக் காப்பாளர் முதலில் திறக்கச் சொன்னது இம்மாணவியின் பெட்டியைத்தான். மாடத்தில் கூடி நின்ற அனைவரும் காண, அவர்தம் துணிகள் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கப்பட்டன. மறுநாள் கைப்பேசி ஆய்வகத்தில், உரியவர் மறந்து வைத்த இடத்திலேயே கிடைத்தது. காப்பாளர் அலுவலறைக்கு அழைத்து, கிடைத்துவிட்டது, மனத்தில் வைத்துக்கொள்ளாதே என்றார். விடுமுறைக்கு வந்த அப்பெண் தன் தாயிடம் சொன்னது இதுதான்: "பெட்டியைத் திறந்தப்ப எல்லாரும் பாத்தாங்கம்மா. கிடைச்சிருச்சுன்னு சொன்னப்ப நான் மட்டுந்தான் இருந்தேன்." அடுத்த பருவத்தில் அவர் விடுதிக்குத் திரும்பவில்லை. பேருந்தில் நாள்தோறும் மூன்று மணி நேரம் பயணம் செய்து படிப்பை முடித்தார்.

அவ்விடுதியில் அன்று ஒரு திருட்டு நடந்தது என்றே கூறுவோம். திருடப்பட்டது கைப்பேசியன்று. ஒருவரின் நற்பெயரைக் குலைப்பது பொருளைத் திருடுவதினும் கொடிய பாவம் என்பது தோமா அக்குவினாரின் துணிபு. நற்பெயர் மனிதரின் புறச்செல்வங்களுள் ஆன்மாவின் செல்வத்திற்கு மிக அண்மையில் உள்ளது என்பது அவர் காட்டும் காரணம். போதிய சான்றின்றிப் பிறர்மேல் குற்றம் உண்டென்று மனத்திற்குள் முடிவு செய்வதையே, அவசரத் தீர்ப்பு என்று திருச்சபையின் மறைக்கல்வி கண்டிக்கிறது.

நல்லவர்களே இதில் வழுக்கி விழுவர் என்பதற்குத் தோபித்து நூல் சான்று. இறந்தோரை அடக்கம் செய்து, ஏழைகளுக்கு ஈந்து, அயல்நாட்டிலும் திருச்சட்டம் பேணி வாழ்ந்த தோபித்து, கண்பார்வை இழந்தபின் மனைவி அன்னாவின் நெசவுக் கூலியால் வாழ்கிறார். ஒருநாள் முதலாளிகள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் அன்னாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தனுப்புகின்றனர். குட்டி கத்தும் ஒலி கேட்டதும் தோபித்து அது திருடப்பட்டதென்று எண்ணி, உரியவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். அன்பளிப்பு என்று அன்னா எடுத்துரைத்தும் நம்ப மறுக்கிறார். அன்னா சினந்து, உம்முடைய அறச்செயல்களெல்லாம் எங்கே போயின என்று கேட்கிறார். அக்கேள்விக்குத் தோபித்திடம் விடையில்லை. அழுகிறார், மன்றாடுகிறார். திருட்டை வெறுத்ததில் அவர் தவறவில்லை. நேர்மையின்மேல் கொண்ட பற்றே அவரை நேர்மையற்ற ஐயத்திற்குள் இட்டுச் சென்றது. உண்மையாகவே திருட்டை ஒழிக்க விழையும் காப்பாளர்களும் முதல்வர்களும் இப்பகுதியை அடிக்கடி படிப்பது நலம்.

தமிழ் மண்ணுக்கு இது புதிய பாடமன்று. பொற்கொல்லனின் ஒரு சொல்லைக் கேட்டு, ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியனின் கதை நமக்குத் தெரியும். கையில் சிலம்பு இருந்தது உண்மை. ஆனால் அது யாருடைய சிலம்பு என்று கேட்கப்படவில்லை. யோசேப்பின் வெள்ளிக் கிண்ணம் பென்யமினின் கோணிப்பையில் கிடைத்ததும் உண்மைதான். அதை அங்கே வைத்தது பென்யமின் அல்லன்.

ஆகவே, சோதனை செய்யத்தான் வேண்டுமெனில், அனைவரின் பெட்டியும் ஒரே முறையில், கூட்டம் கூடாத இடத்தில், ஒருவருக்கு இருவர் சாட்சியாக நின்று சோதிக்கப்பட வேண்டும். பெண்கள் விடுதியாயின் பெண்களே செய்ய வேண்டும். ஏழை, விளிம்புநிலைச் சாதியினர், வெளிமாநிலத்தவர், நாள்கூலிப் பணியாளர் என்ற அடையாளங்கள் சான்றுகளாகா. தவறாக ஐயுற்றோம் என்று தெரிந்தால், ஐயுற்றது எத்தனை பேர் முன்னிலையிலோ அத்தனை பேர் முன்னிலையில் அதைக் கூற வேண்டும். பறித்த பொருளைத் திருப்பித் தரவேண்டும் என்பது போலவே, பறித்த நற்பெயரையும் ஈடுசெய்ய வேண்டும் என்பது மறைக்கல்வியின் தெளிவான போதனை. அலுவலறையில் காதோடு கூறும் ஆறுதல் அவ்வீட்டை நிறைவு செய்யாது.

உண்மையாகவே திருடியவர் நிலை என்ன? அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், 1840-இல் பேராசிரியர் ஒருவர் முகமூடியணிந்த மாணவனால் சுடப்பட்டு இறந்தார். அத்துயரத்திற்குப் பின், 1842-இல் மாணவரின் வாக்குறுதியை அடிப்படையாகக் கொண்ட நன்மதிப்பு முறை அங்கே தொடங்கிற்று. பொய், ஏமாற்று, திருட்டு ஆகியவற்றை மாணவரே விசாரிப்பர். நெடுங்காலம் அதற்கு ஒரே தண்டனை, நிலையான வெளியேற்றம். 2022-இல் மாணவரே வாக்களித்து அதை நீக்கினர். அம்முறையின் இன்னொரு விதி நம் கவனத்தை ஈர்க்கிறது. தம்மேல் ஐயம் எழுந்துள்ளதை அறியுமுன்னரே ஒருவர் தாமாக வந்து தவற்றை ஏற்று, அதைச் சரிசெய்ய முன்வந்தால், அது அவருக்கு முழுப் பாதுகாப்பாகக் கொள்ளப்படும். சமயச் சார்பற்ற ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்புரவு அருட்சாதனத்தின் சாயலைக் காண்பது வியப்பாகவே உள்ளது.

நம் நாட்டுச் சட்டமும் இத்திசையில் ஓர் அடி வைத்துள்ளது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்கிதாவின் 303-ஆம் பிரிவின்படி, ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைந்த மதிப்புள்ள பொருளை முதன்முறையாகத் திருடித் தண்டிக்கப்படுபவர் அதனைத் திருப்பித் தந்தால், சமுதாயப் பணியே தண்டனை. சக்கேயு நான்கு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னார். அவரிடம் இருந்தது, கொடுத்தார். மாணவரிடம் நான்கு மடங்கு இராது. எடுத்ததைத் திருப்பித் தரும் வழியேனும் அடைபடாதிருக்க வேண்டும். தன்னை வெளிப்படுத்தாமலேயே பொருளை உரியவரிடம் சேர்ப்பிக்கலாம் என்பது அறநெறி இறையியலின் பழைய விதி. விடுதிதோறும், யார் வைத்தார் என்று கேளாத ஒரு பெட்டி இருந்தால் என்ன? காணாமற்போன பொருள்கள் சில, விடியுமுன் அதில் வந்து சேரலாம். குருக்கள் வழியாக இவ்வாறு திரும்பிவந்த பொருள்கள் உண்டு. அதற்குமேல் ஒரு சொல்லும் கூற நமக்கு உரிமையில்லை.

பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பும் பெற்றோருக்குச் சில செய்திகள். பெட்டிக்கு ஒரு நல்ல பூட்டை வாங்கிக் கொடுங்கள். கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் தோன்றும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை வீட்டு நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் காவல் நிலையத்தில் முறையிட்டபின், நடுவண் அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அவ்வெண்ணைத் தந்து அக்கருவி எந்த வலையமைப்பிலும் இயங்காதபடி தடுக்கலாம். வங்கி அட்டையையும் சிம் அட்டையையும் உடன்பிறந்தோர் கேட்டாலும் கொடுத்தலாகாது என்று கூறுங்கள். இணையவழியில் பணத்தை இழந்தால், வெட்கத்தால் இரவெல்லாம் விழித்திராமல் அப்போதே 1930 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். முதல் மணி நேரத்தில் முறையிட்டால் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்பு மிகுதி. விடுதிக் காப்பாளரை முதன்முறை காணும்போது, ஏதேனும் காணாமற்போனால் இங்கே யாருடைய பெட்டியை முதலில் திறப்பீர்கள் என்று பணிவோடு கேட்டுவிட்டு வாருங்கள்.